பச்சைப் பிள்ளை வார்டில் மருந்துக்கு அடங்காத கிருமி: மதுரைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெரும்பாலும் மூணாம் நாள், நாலாம் நாள் காலையில்தான் அந்த வார்த்தை வரும். "கல்ச்சர்ல கிருமி வந்திருக்கு. இப்பப் போடுற மருந்து கேக்கல, மாத்துறோம்." சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போய்விடுவார். கல்ச்சர் என்பது பிள்ளையின் ரத்தத்தை எடுத்து அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை. வராண்டாவில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் அம்மாச்சி பக்கத்து ஆளிடம் கேட்பார்: "மருந்து கேக்கலைன்னா என்னத்தா? பிள்ளைக்குக் கேக்கலையா, மருந்தே சரியில்லையா?"

ரெண்டும் இல்லை. கேட்காதது கிருமி. பிள்ளை உடம்பிலும் குறையில்லை, மருந்தும் போலியில்லை. அந்தக் கிருமிக்கு அந்த மருந்தை முறிக்கத் தெரிந்துவிட்டது. அவ்வளவுதான் அதன் அர்த்தம், ஆனால் அது சின்ன விஷயமும் இல்லை.

மதுரையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் பச்சைப் பிள்ளை வார்டுகளில் நர்ஸாக இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவள் நான். அந்த வராண்டாவில் பதில் சொல்ல நேரம் கிடைத்ததே இல்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். வைத்தியம் டாக்டருடைய வேலை. வார்டு வாசலில் நிற்கும் அம்மா, அப்பா, அம்மாச்சி, அப்பத்தா செய்ய வேண்டியது என்ன என்பது மட்டும்தான் இதில் இருக்கிறது.

முதலில் கிருமியைப் பற்றிக் கொஞ்சம்

வார்டில் அடிக்கடி காதில் விழும் பெயர்கள் மூன்று: கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர், ஈ.கோலை. டெல்லியில் மூன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் 2011 முதல் 2014 வரை 13,530 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2016-ல் வெளியானது. ரத்தத்தில் பிடிபட்ட அசினெட்டோபாக்டரில் 82 சதவீதமும், கிளெப்சியெல்லாவில் 54 சதவீதமும் பல மருந்துகளுக்கு அடங்காதவை. அதில் என்னை உலுக்கியது வேறு ஒன்று. தொற்று வந்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பிறந்த முதல் 72 மணி நேரத்துக்குள்ளேயே வந்திருக்கிறது. ரொம்ப நாள் வார்டில் கிடந்தால்தான் ஒட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பிரசவ அறையிலிருந்தே கதை தொடங்கிவிடுகிறது.

எட்டாம் மாசத்தில் பிறந்து ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்குத் தோல் வெங்காயச் சருகு மாதிரி இருக்கும். தொப்புள் இன்னும் பச்சைப் புண். குடலில் நல்ல கிருமிகள் குடியேறியிருக்காது. மூக்கில் ஒரு குழாய், கையில் ஊசி, சில சமயம் தொப்புள் வழியாக ஒரு லைன், அதாவது ரத்தக்குழாய்க்குள் போகும் மெல்லிய குழாய். கிருமிக்கு இத்தனை வாசல். உள்ளே போனதும், மருந்தை எதிர்க்கும் வித்தையை ஒரு கிருமி பக்கத்துக் கிருமிக்கும் கைமாற்றிக் கொடுக்கும். இனம் வேறாக இருந்தாலும் கொடுக்கும்.

இதெல்லாம் காற்றில் பறந்து வருவது அபூர்வம். கண்ணேறாலும் வராது, தீட்டாலும் வராது. கையில்தான் வருகிறது. எங்கள் கையில், உங்கள் கையில்.

படி 1: கை

1847-லேயே வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் பிரசவ வார்டில் டாக்டர்களைக் கை கழுவ வைத்துத் தாய்மார் சாவைக் குறைத்துக் காட்டினார். அதற்கப்புறம் எத்தனையோ மெஷின் வந்துவிட்டது. இதை மிஞ்சிய ஒன்று இன்னும் வரவில்லை.

வார்டுக்குள் நுழையுமுன் முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது. வாட்ச், மோதிரம், கயிறு எல்லாம் கழற்றியாக வேண்டும். வளையலில்தான் எங்களுக்குப் பெரும்பாடு. வளைகாப்பில் போட்ட கண்ணாடி வளையல் டஜன் கணக்கில் இருக்கும். "பிள்ளை வீட்டுக்கு வர்றதுக்குள்ள வெறுங்கையாவா?" என்று அத்தைமார் சண்டைக்கு வருவார்கள். ஒருமுறை ஒரு பெண்ணின் கையைப் பிடித்து வளையல்களை மேலே தள்ளிக் காட்டினேன். சோப்பு நுரை அடியில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது, தோல் நமுத்து வெள்ளையாக இருந்தது. அவளே கழற்றி ஒரு துணியில் முடிந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். அதற்குமேல் யாரும் பேசவில்லை.

நகத்தை ஒட்ட வெட்டுங்கள். மருதாணி பரவாயில்லை, நகப்பூச்சு வேண்டாம். அமெரிக்காவில் ஓக்லஹோமா நகரத்தில் 1997, 98-ல் ஒரு பச்சைப் பிள்ளை வார்டில் சூடோமோனாஸ் என்ற கிருமி 46 பிள்ளைகளுக்குத் தொற்றியது. அவர்களில் 16 பேர் இறந்தார்கள். ஊழியர்களின் கையைச் சோதித்தபோது மூன்று நர்ஸுகளிடம் அந்தக் கிருமி கிடைத்தது. ஒருவருக்கு நீண்ட நகம், இன்னொருவருக்கு நீண்ட ஒட்டு நகம்.

சோப்புப் போட்டால் 40 முதல் 60 விநாடி. உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரல் சுற்றி, நுனி விரல்கள் என்று எல்லாப் பக்கமும் தேய்க்க வேண்டும். கட்டைவிரலைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். கழுவிய கையை முந்தானையில் துடைத்தால் கழுவியதே வீண். கையில் அழுக்குத் தெரியவில்லை என்றால் ஸ்டெரிலியம் என்று வார்டில் சொல்லும் திரவம் போதும். 20 முதல் 30 விநாடி தேய்த்துக் காயவிடுங்கள். காய்வதற்குள் பிள்ளையைத் தொட்டுவிடாதீர்கள்.

கழுவிய பிறகு செல்போனைத் தொட்டால்? திரும்பவும் கழுவ வேண்டும். போனில் பிள்ளையைப் படம் எடுத்துவிட்டு அதே கையால் கன்னத்தைத் தடவுகிறவர்களை நாளைக்குப் பத்துப் பேராவது பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, சங்கடமானது. உங்கள் பிள்ளையைத் தொட வருகிற நர்ஸோ டாக்டரோ கையைச் சுத்தம் செய்யாமல் வந்தால் சொல்லுங்கள். "சிஸ்டர், கை போட்டுட்டீங்களா?" போதும். கோபப்படுவார்களோ என்று பயம் இருக்கும். சிலர் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள், நானே ஒருமுறை சுளித்திருக்கிறேன். ராத்திரி ரெண்டு மணி, பதினாறு பிள்ளை, ரெண்டு நர்ஸ். ஆனாலும் கேட்ட அந்த அப்பாவால் அன்றைக்கு நான் கையைச் சுத்தம் செய்தேன்.

படி 2: வாசலிலேயே விட வேண்டியவை

பூ. மாட்டுத்தாவணியில் வாங்கிய மல்லிகையைத் தலை நிறைய வைத்துக்கொண்டு வருவீர்கள், வராண்டா வரைக்கும் அது அழகுதான். உள்ளே வேண்டாம். ஈரமான பூவில் கிருமி தங்கும்.

பாண்டி கோயில் கயிறு, திருநீறு, எலுமிச்சம்பழம். இதில் நான் யாரையும் கேலி செய்ததில்லை. நானும் வேண்டிக்கொண்டவள்தான். ஆனால் பிள்ளையின் மணிக்கட்டில் கட்டிய கயிறு ஊசி குத்திய இடத்துக்கு மேலேயே உட்காரும், ஈரத்தில் ஊறிக்கிடக்கும். வெளியே பையில் முடிந்து வையுங்கள், டிஸ்சார்ஜ் ஆன அன்றைக்குத் தொட்டிலில் கட்டலாம். நெற்றியில் மை, திருநீறு ரெண்டும் அதற்குப் பிறகுதான்.

சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கையில் புண் இருக்கிறவர் உள்ளே வரக் கூடாது, அப்பாவாக இருந்தாலும்.

படி 3: பால்

தாய்க்குப் பால் ஊறும் வரைக்கும் சேனை வைக்கலாமா என்று கேட்பார்கள். சீனித் தண்ணி, தேன், கழுதைப்பால், உரை மருந்து ஒன்றும் வேண்டாம். வெளியில் ஒரு ஆள் சங்கில் கழுதைப்பால் வைத்துக்கொண்டு நிற்பார். காய்ச்சாத பால் அது. தேங்கிய கிருமியோடு ஒன்றரைக் கிலோ பிள்ளையின் குடலுக்குள் போகும்.

சீம்பால் சில சொட்டுதான் வரும். அந்தச் சில சொட்டில் இருக்கும் எதிர்ப்புச் சத்து எந்த ஊசியிலும் இல்லை. பிள்ளை உறிஞ்ச முடியாத நிலையில் இருந்தால் கையால் பீய்ச்சிக் கொடுங்கள். நாளைக்கு எட்டுத் தடவையாவது பீய்ச்ச வேண்டும், ராத்திரியும் சேர்த்து. ராத்திரியை விட்டால் ரெண்டே நாளில் பால் குறைந்துவிடும். ஒவ்வொரு முறையும் மார்பைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டியதில்லை, கைதான் முக்கியம்.

பிள்ளைக்குப் பால் புகட்டும் பாலாடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்க்காரர்கள் கண்டுபிடித்த அருமையான சாமான். பாட்டிலைவிடச் சுத்தம் செய்வது லேசு, இடுக்கு கிடையாது. ஆனால் பாலாடையின் மூக்கு நுனியில் பால் காய்ந்து ஒட்டினால் தெரியாது. சோப்பும் பிரஷும் போட்டுத் தேய்த்து, முழுக்க மூழ்கும் தண்ணீரில் பத்து நிமிஷம் நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடிய பாத்திரத்தில் வையுங்கள். துணியால் துடைக்காதீர்கள். பிள்ளைக்கு ஒன்று, உங்களுக்கென்று தனி, பக்கத்துப் பெட் பிள்ளைக்கு இரவல் கொடுக்காதீர்கள். ஈகை நல்ல குணம்தான், இந்த ஒரு சாமானில் வேண்டாம்.

பீய்ச்சிய பால் வெளியே நாலு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். சித்திரை வெயிலில் அதற்குள்ளேயே கொடுத்துவிடுங்கள். தாய்க்கு முடியாதபோது பவுடர் பாலுக்கு ஓடுமுன் தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். பவுடர் டின்னில் கிருமி இல்லை என்று நினைக்க வேண்டாம். அது கிருமி நீக்கிய பொருள் இல்லை.

படி 4: நெஞ்சோடு

கங்காரு முறை என்பார்கள். பிள்ளைக்குத் தொப்பி, காலுறை, நாப்கின் மட்டும் போட்டு, தாயின் வெறும் நெஞ்சில் ஒட்டவைத்துத் துணியால் கட்டுவது. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல்தான் இது தொடங்கியது. இப்போது இன்குபேட்டர் இருக்கிற ஆஸ்பத்திரிகளிலும் இதைச் செய்யச் சொல்கிறார்கள். பிறந்த உடனேயே தொடங்கிய ஆய்வு ஒன்றில், டெல்லியும் அதில் ஒரு மையம், எடை குறைந்த பிள்ளைகளின் சாவு 25 சதவீதம் குறைந்தது. 2021-ல் வெளியானது. தாயின் தோலில் இருக்கும் வீட்டுக் கிருமிகள் பிள்ளையின் தோலில் முதலில் குடியேறிவிட்டால் ஆஸ்பத்திரிக் கிருமிக்கு இடம் குறைகிறது.

ஒரு தடவை உட்கார்ந்தால் ஒரு மணி நேரமாவது இருங்கள். நாளைக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல். தாலியையும் சங்கிலியையும் பின்பக்கம் தள்ளிவிடுங்கள். குளித்துவிட்டு வாருங்கள், பவுடர் போடாதீர்கள். தாய் முடியாத நேரத்தில் அப்பா வைக்கலாம். உசிலம்பட்டிப் பக்கத்து அப்பா ஒருவர் சட்டையைக் கழற்ற மறுத்து வெட்கத்தில் நின்றார். மறுநாள் அவரை எழுப்பிவிடத்தான் கஷ்டமாக இருந்தது.

படி 5: டாக்டரிடம் கேட்க வேண்டியவை

ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். ரவுண்ட்ஸ் நேரத்தில் ரெண்டு நிமிஷம்தான் கிடைக்கும்.

"மருந்து போடுறதுக்கு முன்னாடி கல்ச்சர் எடுத்தீங்களா?" இதுதான் தலைக் கேள்வி. மருந்து உள்ளே போன பிறகு எடுத்த ரத்தத்தில் கிருமி வளராமல் போகலாம். அப்புறம் இருட்டில் கல் எறிவதுதான். பிள்ளையிடமிருந்து ஒரு மில்லி ரத்தம் வேண்டும். "இருக்கறதே இத்தனூண்டு, அதுல இவ்வளவா?" என்று மறுக்காதீர்கள்.

"என்ன கிருமி, எந்த மருந்துக்கு அடங்குது?" ரிப்போர்ட்டில் மருந்துப் பெயர்களுக்கு எதிரே அடங்கும், அடங்காது என்று குறித்திருப்பார்கள். அதைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

"எத்தனை நாள்? எப்ப நிறுத்துவீங்க?" கல்ச்சரில் ஒன்றும் வளராமல், பிள்ளையும் தெளிவாக இருந்தால் 36, 48 மணி நேரத்தில் மருந்தை நிறுத்தலாம். "மூணு நாள் போட்டாச்சு, சேர்த்து ஏழு நாள் போட்ருங்க டாக்டர், பயமா இருக்கு" என்று வற்புறுத்துவது நாம்தான். தேவையில்லாமல் போடும் ஒவ்வொரு நாளும் நல்ல கிருமி செத்து, அடங்காத கிருமிக்கு இடம் விடுகிறது.

"அந்த லைன் இன்னும் வேணுமா?" தினமும் கேளுங்கள். தேவை முடிந்தும் கிடக்கும் லைன் கிருமிக்குத் திறந்த கதவு.

முதுகில் ஊசி வைத்து நீர் எடுக்க வேண்டும் என்றால் பாதிக் குடும்பம் கையெழுத்துப் போடாது. "கால் வெளங்காமப் போயிரும்." போகாது. தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் குத்துவார்கள். மூளைக்காய்ச்சல் இருக்கிறதா என்று அந்த நீரில்தான் தெரியும். இருந்தால் மூணு வாரம் மருந்து, இல்லையென்றால் அதைவிடக் குறைவு. தெரியாமல் பாதியில் நிறுத்தினால் பிள்ளைக்குப் பின்னால் வலிப்பும் காது கேளாமையும் வரலாம்.

கடைசியாக "கொலிஸ்டின் போடப்போறோம்" என்று சொன்னால் பயந்துவிடாதீர்கள், ஆனால் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய மருந்து, சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்று ஒதுக்கி வைத்தது. வேறு வழியில்லாமல் திரும்ப எடுத்தார்கள். கோழிக்கும் கால்நடைக்கும் இதைக் கொடுப்பதை 2019 ஜூலையில் அரசு தடை செய்ததற்குக் காரணம் இதுதான். சிறுநீர் சரியாகப் போகிறதா என்று நீங்களும் நாப்கினைப் பாருங்கள்.

படி 6: ரெண்டு மூணு பிள்ளைக்கு ஒரே கிருமி என்றால்

திடீரென்று பெட் மாற்றுவார்கள். உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சலே இல்லாதபோதும் ஆசனவாயில் பஞ்சுக் குச்சியால் தொட்டு எடுப்பார்கள். புது அட்மிஷன் நிறுத்துவார்கள். சுவரெல்லாம் கழுவுவார்கள். யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். சொன்னால் வராண்டாவில் கலவரம் வரும் என்ற பயம்.

நடப்பது இது. ஒரே கிருமி குறைந்த நாளில் ரெண்டு மூணு பேருக்கு வந்தால் அது பரவல். கிருமி இருக்கிறவர்களை ஒரு பக்கம், இல்லாதவர்களை ஒரு பக்கம் பிரித்து, ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனி நர்ஸ் வைக்க வேண்டும். குச்சியில் கிருமி வந்தால் நோய் என்று அர்த்தமில்லை. தோலிலோ குடலிலோ படிந்திருக்கிறது, அவ்வளவுதான். படிந்திருப்பதற்கு மருந்து போட மாட்டார்கள். "கிருமி இருக்குன்னு சொல்லிட்டு மருந்தே போடல" என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

பிறகு மூலத்தைத் தேட வேண்டும். அது எங்கே இருக்கும் என்று சொல்லவே முடியாது. சளி உறிஞ்சும் சக்‌ஷன் தண்ணீர், ஆக்சிஜன் ஈரமாக்கும் பாட்டில், சிங்க் ஓட்டை, திரும்பத் திரும்ப நிரப்பும் சோப்பு பாட்டில். வட அயர்லாந்தில் 2011 டிசம்பரிலும் 2012 ஜனவரியிலும் நாலு பச்சைப் பிள்ளைகள் சூடோமோனாஸால் இறந்தார்கள். கிருமி இருந்தது குழாயில். கை கழுவும் அதே குழாயில்.

நான் வேலை பார்த்த ஒரு வார்டில் அந்த மூலம் எங்கள் கைக்குள்ளேயே இருந்தது. ஊசி வழியை அடைக்காமல் வைக்க அவ்வப்போது கொஞ்சம் சலைன் ஏற்றுவோம். ஒரு பிள்ளைக்கு ரெண்டு மில்லி. அதற்கு ஒரு முழு பாட்டிலா என்று, ஒரே பாட்டிலில் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, ஷிப்ட் முழுக்க எல்லாப் பிள்ளைக்கும் அதிலிருந்து எடுத்தோம். யாரும் தப்பு என்று நினைக்கவில்லை, மிச்சம் பிடிக்கிறோம் என்றுதான் நினைத்தோம். ஐந்து நாளில் மூணு பிள்ளைக்குக் கிளெப்சியெல்லா. பாட்டிலைச் சோதித்தபோது அதிலும் அதே கிருமி. மூவரில் ஒன்றை நாங்கள் காப்பாற்றவில்லை. அந்தத் தாய்க்கு இந்தக் காரணம் சொல்லப்படவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று அன்றைக்கும் நினைத்தேன், வாய் வரவில்லை.

அதனால் கேளுங்கள். "வார்டுல வேற பிள்ளைக்கும் இதே கிருமி இருக்கா? என்ன செய்றீங்க?" கேட்பது உங்கள் உரிமை. குரலை உயர்த்தாமல் கேட்டால் பதில் வரும். ஆஸ்பத்திரியில் தொற்றுத் தடுப்புக்கென்று ஒரு குழு இருக்கும், அதில் ஒரு நர்ஸும் இருப்பார். அவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

படி 7: வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றினால்

தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் எல்லாப் பக்கத்திலிருந்தும் பெரியாஸ்பத்திரிக்கு வருகிறார்கள். இங்கிருந்து தனியாருக்கும், பணம் தீர்ந்ததும் தனியாரிலிருந்து இங்கேயும் போகிறார்கள். கிருமியும் கூடவே பயணம் செய்கிறது. புது இடத்தில் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்: எங்கே, எத்தனை நாள் இருந்தோம், கல்ச்சரில் என்ன வந்தது, என்ன மருந்து போட்டார்கள். அந்தப் போன் படம் இப்போதுதான் உதவும். மறைத்தால் பெட் கிடைக்கும் என்று நினைத்து மறைப்பவர்கள் உண்டு. முதல் ரெண்டு நாள் தவறான மருந்திலேயே போய்விடும்.

நாங்களே கூட்டிப்போகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். வழியில் பிள்ளை குளிர்ந்துவிட்டால் அதுவே பாதி உயிரை எடுக்கும். அரசு ஆஸ்பத்திரியில் நோயுற்ற பச்சைப் பிள்ளைக்கு மருந்து, பரிசோதனை, வண்டி எல்லாம் இலவசம், 2011-லிருந்து நடக்கும் திட்டம் அது.

படி 8: வீட்டுக்கு வந்த பிறகு

தொப்புளில் எண்ணெய், மஞ்சள், சாம்பல் எதுவும் வைக்காமல் காயவிடுங்கள். பிள்ளை பார்க்க வருகிறவர்களை ஒரு மாசத்துக்குத் தள்ளிப்போடுங்கள். வந்தே தீருவேன் என்கிற தாய்மாமனுக்கு வாசலிலேயே சோப்பும் ஒரு செம்புத் தண்ணியும் வையுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் "பிள்ளைக்குச் சளி" என்று சொல்லி ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து வாங்காதீர்கள், போன தடவை மிச்சமிருந்ததையும் கொடுக்காதீர்கள். சிவப்புக் கோடு போட்ட அட்டை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. அதில் வலிமையான பல மருந்துகளை விற்றால் தனி நோட்டில் எழுதிவைக்க வேண்டும் என்று 2014 மார்ச்சிலிருந்து சட்டமே இருக்கிறது.

பால் குடிக்க மறுத்தால், தட்டினால் மட்டும் அசைந்தால், நிமிஷத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினால், நெஞ்சு உள்ளே இழுத்தால், உடம்பு சுட்டாலும் சரி சில்லிட்டாலும் சரி, வெட்டு (வலிப்பு) வந்தால், உடனே கிளம்புங்கள், ராத்திரி என்றாலும். சில்லிடுவதைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள். பச்சைப் பிள்ளைக்குக் காய்ச்சல் வராமலே கிருமி ஏறும். பாதம் குளிர்ந்தால் நெஞ்சைத் தொட்டுப் பாருங்கள், நெஞ்சும் குளிர்ந்திருந்தால் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டே வண்டியில் ஏறுங்கள்.

டிஸ்சார்ஜ் பேப்பரை ரெண்டு காப்பி எடுத்து, ஒன்றைக் கிராம சுகாதார நர்ஸிடம் காட்டுங்கள், இன்னொன்றைத் தடுப்பூசி அட்டையோடு சேர்த்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பீரோவில் வையுங்கள். அடுத்த தடவை எந்த ஆஸ்பத்திரி என்றாலும் சீட்டுப் போடும் இடத்தில் முதலில் நீட்ட வேண்டியது அந்த உறைதான்.